கை மட்டும் போதும்

ஸ்பாஞ்ச் ஈரமாக இருக்கிறது. யார் யார் மூஞ்சிக்கெல்லாம் போய்விட்டு வந்ததோ, இப்போது என் புறங்கையில் தேய்க்கிறார்கள், சில்லென்று, வழவழவென்று, பல்லி ஏறுகிற மாதிரி. மூஞ்சிக்குப் போடும் சாயத்தைக் கைக்குப் போடுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மேக்கப் போடும் சரளா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே அப்படி. "இன்னும் ரெண்டு ஷேடு ஏத்தணும் சார், தாரிணி பாப்பா கை நல்ல கலரு." சார் என்றால் கௌஷிக் அண்ணா, இந்த டாக்குமெண்டரியை எடுப்பவர், தாடிக்குள் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பவர். "ஏத்துங்க ஏத்துங்க" என்கிறார் மானிட்டரிலிருந்து தலையை எடுக்காமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிற மாதிரி. காலையில் சித்தி கொடுத்த இட்லி தொண்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் வலது மணிக்கட்டில் தாரிணியின் பிரேஸ்லெட், துணி நூலில் பின்னியது, அவள் கழற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து கட்டினார்கள், இன்னும் ஈரம் காயவில்லை, அவளுடைய வியர்வை, நேற்று மேடையில் வியர்த்தது. நகத்தில் அவள் போட்டிருந்த அதே வெளிர் ரோஸ் பாலிஷ், அந்த நாற்றம் வேறு. அவள் சட்டையின் அதே பச்சை நிறத்தில் முழங்கை வரைக்கும் ஒரு துணியை எனக்குச் சுற்றிப் பின் குத்தியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே நான் தாரிணி. முழங்கைக்கு மேலே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். "முகம் வேண்டாம் பெர்லின், கை மட்டும் போதும்" என்று காலையில் போனில் கூப்பிட்டபோது கௌஷிக் அண்ணா சொன்னார். கை மட்டும் போதும். கறிக்கடையில் சொல்வது மாதிரி இல்லை?

தாரிணிக்குத் தெரியாது. அதுதான் என்னை அரிக்கிறது. அவள் பக்கத்து ரூமில் இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, சத்தம் மட்டும் முணுமுணுவென்று வருகிறது, நடுவில் அவளுடைய சிரிப்பு. என்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள், நானும் பெர்லினும் ஒரே பெஞ்சில் ஒரே பியானோவில் நாலு கையாக இரண்டு வருஷம் என்று. "அவ வெளிய வர்றதுக்குள்ள இதை முடிச்சிடலாம், பெருசா எதுவும் இல்ல" என்று கௌஷிக் அண்ணா சொன்னபோதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் பதில் இருக்கிறது, அதைச் சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. வலது பக்கம் உட்காரச் சொன்னார். பெஞ்சில் வலது பக்கம் தாரிணியுடையது. மேல் பாகம் வாசிப்பவள் வலது பக்கம், ராகமெல்லாம் அவளுக்கு, கீழ் பாகம் வாசிக்கும் நான் இடது பக்கம், தும் தக்கா தும் தக்கா, விரலை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டிப் பிடிக்கிற பெடலையும் நான்தான் மிதிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்து. மேடையில் பியானோவைப் போடும்போது வாசிக்கிறவர்களின் வலது தோள் ஜனங்கள் பக்கம் இருக்கும்படி போடுவார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான், மூடியைத் திறந்தால் சத்தம் அந்தப் பக்கம் போகும். அதனால் ஜனங்களுக்குத் தாரிணி தெரிவாள். தாரிணிக்குப் பின்னால் ஒரு மூக்கு தெரியும், அது நான். என்னுடைய அப்பா நேற்று மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் கேட்டார், "மக்களே, நீ எங்க இருந்தா? எனக்கு அந்தப் பிள்ளதான் தெரிஞ்சா." ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார். இன்றைக்கு முதல்தடவையாக நான் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், விளக்கு என் மேல் விழுகிறது, என்னுடைய கை மேல். கையில் சாயம்.

விஷயம் இதுதான், ரொம்பச் சின்ன விஷயம். நேற்று இதே ஹாலில் கான்சர்ட். டாக்குமெண்டரி முழுக்க ஜோடியாக வாசிக்கிறவர்கள் பற்றி, எப்படிப் பழகுகிறார்கள், எப்படிச் சண்டை போடுகிறார்கள், கடைசியில் மேடையில் எப்படி வாசிக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி, ரிட்டையர் ஆன இரண்டு அக்கா தங்கை ஒரு ஜோடி, சின்னவர்கள் நாங்கள், எங்கள் வாசிப்புதான் படத்தின் முடிவு. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு இடம் வரும், தாரிணி வலது கையின் மோதிரவிரலாலும் சுண்டுவிரலாலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை மாற்றி மாற்றி வேகமாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ட்ரில் என்பார்கள், அதே நேரத்தில் இடது கையால் கீழே எஃப் என்ற ஸ்வரத்தின் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நேற்று அவளுடைய மோதிரவிரல் பூட்டிக்கொண்டது. நான் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கண்ணால் இல்லை, அவள் முழங்கை என் முழங்கையில் இடித்த விதத்தில் தெரிந்தது. அவள் இடது கையைத் தூக்கி மேலே கொண்டுபோய் இரண்டு கையாலும் ட்ரில்லை அடித்தாள், ட்ரில் நிற்கவில்லை, ஆனால் எஃப் அனாதையாகிவிட்டது. அந்த எஃப் இல்லாவிட்டால் அந்த இடமே பொக்கை வாய். என் வலது கை ஒரு கார்டை, மூன்று கட்டையைச் சேர்த்து, பிடித்துக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் மட்டும் சும்மா இருந்தது, நான் யோசிக்கவே இல்லை, அது தானாகப் போய் எஃப்-இல் விழுந்தது. அவ்வளவுதான். யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டோரத்தி மிஸ்ஸுக்கே தெரியவில்லை, கடைசி வரிசையில் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கியதும் தாரிணி என்னைக் கட்டிப்பிடித்து, "செமயா வந்துச்சுல்ல?" என்றாள், காதுக்குள், சூடாக, நான் தலையை ஆட்டினேன். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளால் முடியாதபோது நான் பிடித்தேன், நான் பிடிப்பேன் என்று தெரிந்துதான் அவள் விட்டாள். வாயைத் திறக்காமல், முகத்தைப் பார்க்காமல். இரண்டு வருஷமாக இதற்குத்தானே பழகினோம்.

காலையில் கௌஷிக் அண்ணா சொல்கிறார், சவுண்டு பிரமாதம், படம்தான் பிரச்சினை. மேலேயிருந்து எடுத்த கேமராவில் தாரிணியின் இரண்டு கையும் ட்ரில்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அது "திணறுற மாதிரி இருக்கு, க்ளைமாக்ஸ்ல திணறக்கூடாது." அதனால் நேற்றைய சவுண்டை ஸ்பீக்கரில் போட்டு, அதற்குத் தகுந்த மாதிரி நான் சரியான விரலில் வாசிக்க வேண்டும், வலது கையால் ட்ரில், இடது கையால் எஃப், கிட்டக்க வைத்து எடுத்துச் செருகிவிடுவார். சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பது மாதிரி விரலசைப்பு. "யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அதாவது நேற்று நடந்த ஒரே ஒரு நிஜத்தை அவர் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறார். துடைக்கும் துணி நான். இதில் இன்னும் கேவலம் ஒன்று இருக்கிறது, இப்போதுதான் உறைக்கிறது, சரளா அக்கா இடது கைக்கு மாறியதும்தான். அந்த எஃப்-ஐ வாசித்தது என்னுடைய சுண்டுவிரல். இப்போது என்னுடைய இடது கையே அவள் கையாக வேஷம் போட்டுக்கொண்டு அதே எஃப்-ஐ வாசிக்கப் போகிறது. என்னிடமிருந்து நானே பிக்பாக்கெட் அடிக்கிறேன்.

"விரலை விரி பாப்பா." விரிக்கிறேன். விரலிடுக்கில் சாயம் பிசுபிசுக்கிறது, எச்சில் மாதிரி. எனக்கு மெழுகு, பசை, ஜெல்லி எதுவுமே பிடிக்காது, பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பச்சைத் திரவம் என் விரலில் பட்டு இரண்டு நாள் போகவில்லை, அந்த விரலால் சாப்பிட முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். ப்ளஸ் ஒன் பாதியில் டி.சி. வாங்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்து, "பியானோவா? கல்யாண வீட்ல வாசிக்கவா?" என்றார், அவருடைய பல்லில் கீரை ஒட்டியிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சர்ச்சில் பாட்டுக்குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர், பெரிய பியானோவைத் தொட்டவர் இல்லை. மகள் தொட வேண்டும் என்று அயனாவரத்தில் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார். விடும்போது சொன்னார், "படிப்பையும் விட்டாச்சு கேட்டியா. இதையாவது நேர்மையாச் செய்யி." நேர்மையா. அப்பா, இங்கே பாருங்கள், உங்கள் மகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பெர்லின் என்று பேர் வைத்தீர்கள், ஊர்ப் பேர் என்று தெரியாமலே வைத்தீர்கள், கௌஷிக் அண்ணாவுக்கு முதல் நாளே அந்தப் பேர் ரொம்பப் பிடித்துவிட்டது, "பியானோ வாசிக்கிற பொண்ணு பேர் பெர்லின், ஊர் மார்த்தாண்டம், அடடா" என்று கேமராமேனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போஸ்டரில் போடலாம் என்றார். இப்போது கேமராவுக்கு என் பேரும் வேண்டாம், மூக்கும் வேண்டாம்.

தாரிணி கண்டுபிடித்துவிடுவாள். அதில் சந்தேகமே இல்லை. ஜனங்களுக்குத் தெரியாது, படம் பார்க்க வரும் கௌஷிக் அண்ணாவின் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் பியானோ வாசிக்கிறவளுக்குத் தன் கை தெரியாதா? அவள் கை எனக்கே தெரியுமே. இரண்டு வருஷமாக அவள் முகத்தைவிடக் கையைத்தான் பார்த்திருக்கிறேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன், ஆனால் அவள் ஆள்காட்டிவிரலின் கடைசிக் கணு ஏ-ஃப்ளாட் கட்டையில் உள்ளே மடங்கும் என்று தூக்கத்தில் சொல்வேன். அவளுடைய கட்டைவிரல் நகம் அகலம். என்னுடையது நீளம். என் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், பிறந்ததிலிருந்தே. இதை எந்த ஷேடு மறைக்கும்? ஏதோ ஒரு தியேட்டரில், பெரிய திரையில், அவள் அம்மா அப்பா டோரத்தி மிஸ் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவள் முகம் வரும், அடுத்து கை வரும், என் கை, பஸ் சைஸில். அவள் என் பக்கம் திரும்புவாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். எனக்கு வேறு யாரும் இல்லை, டோரத்தி மிஸ்ஸிடம் படிக்கும் மற்றதெல்லாம் எட்டு வயசு ஒன்பது வயசு, மூக்கு ஒழுகிக்கொண்டு வாசிக்கும். நாலு கை வேண்டும் என்றால் இரண்டு ஆள் வேண்டும். தாரிணி போனால் எனக்கு இருப்பது பாதி பாட்டு, தும் தக்கா தும் தக்கா. பாதிப் பாட்டை எவன் கேட்பான்?

அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் அருவருப்பாக இருக்கும். ஒரே பெஞ்சு, தொடையும் தொடையும் ஒட்டும், ஏப்ரலில் பிரித்து எடுக்கும்போது பிளாஸ்டர் பிரிக்கிற சத்தம் வரும். ஆரம்பிக்கும்போது யாரும் ஒன் டூ சொல்வதில்லை, அவள் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள், அந்த மூச்சின் முனையில் இரண்டு பேரும் விழ வேண்டும், அதனால் அவள் என்ன சாப்பிட்டாள் என்று தினமும் எனக்குத் தெரியும். வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்ட அன்றைக்கெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன். அவள் முடி என் கார்டுக்குள் விழும். அவள் இடது கையும் என் வலது கையும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும், ஒருத்தி விரலை எடுத்த அதே கட்டையில் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி விரல் வைக்க வேண்டும். அவள் தொட்ட ஈரத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் வாசிக்கவே பழகினேன். ஒருநாள் சண்டை. "முழங்கைய மடக்குடி, இது என்ன பஸ் சீட்டா?" என்றேன். "நீ ஒழுங்கா பெடல் மிதி, காலு கூட கறுப்புக் காலா இருந்தா நேரத்துக்கு எடுக்கத் தெரியாதா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து போய் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தால் கௌஷிக் அண்ணா கேமராவோடு நிற்கிறார், கண் பளபளக்கிறது. "சூப்பர் கேர்ள்ஸ், அந்தச் சண்டைய மிஸ் பண்ணிட்டேன், அதே மாதிரி இன்னொரு தடவை போடுங்க, அந்தக் கறுப்பு மேட்டர் மட்டும் வேண்டாம்." போட்டோம். வெட்கமில்லாமல் போட்டோம். இரண்டாவது தடவை தாரிணி அழுதுகூட விட்டாள், முதல் தடவை அழவே இல்லை. டிரெய்லரில் அதுதான் வருகிறது. அதைப் பார்த்து என் சித்தி மகன், "அக்கா, நீங்க ரெண்டு பேரும் சீரியல்ல நடிக்கலாம்" என்றான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், கேமரா போன பிறகு, தாரிணி தன் பையிலிருந்து முட்டை பப்ஸை எடுத்துப் பாதியாகப் பிய்த்து, மஞ்சள் கரு இருக்கும் பாதியை எனக்குக் கொடுத்தாள். அதை யாரும் எடுக்கவில்லை. நல்ல வேளை. எடுத்திருந்தால் இன்னொரு தடவை பிய்க்கச் சொல்லியிருப்பார்.

"ரெடியா பெர்லின்? ஒரு ரிகர்சல், அப்புறம் டேக்." விளக்கைக் கிட்டே தள்ளுகிறார்கள், சாயம் சூட்டில் இளகுகிறது, பழைய வெண்ணெய் நாற்றம். ஸ்பீக்கரில் நேற்றைய கான்சர்ட் ஆரம்பிக்கிறது, ட்ரில்லுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, யாரோ இருமுகிறார்கள், அப்பாவாக இருக்கும், பஸ் தூசி. கை வைக்கிறேன். விரல் வழுக்குகிறது. மோதிரவிரல் சுண்டுவிரல் மோதிரவிரல் சுண்டுவிரல், சாயத்தால் கட்டையிலிருந்து சறுக்கிக் கீழே போகிறது. "கட் கட், டச்சப்." சரளா அக்கா பவுடரை அப்புகிறார். கட்டையெல்லாம் தோல் கலரில் ரேகை ரேகையாக அப்பிக்கொண்டு, யாரோ வாந்தி எடுத்துத் துடைத்த மாதிரி இருக்கிறது. ஒருவர் ஓடி வந்து டிஷ்யூவால் துடைக்கிறார், துடைக்கத் துடைக்கப் பியானோ தாறுமாறாகக் கத்துகிறது. மறுபடி. ஸ்பீக்கரில் இருமல். இந்தத் தடவை சரியாக வருகிறது, ட்ரில் வருகிறது, ஐயோ எவ்வளவு நன்றாக வருகிறது, விரல் இரண்டும் தேனீ மாதிரி, இது எனக்கு எப்போதுமே வரும், மிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் யாரும் இல்லாதபோது வாசித்துப் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை, அவள் பாகம் எனக்கு வரும் என்று எப்படிச் சொல்வது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் குமட்டுகிறது. கறுப்பு மேலே வெள்ளை பூசி, அடுத்தவள் வியர்வையைக் கட்டிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஸ்பீக்கரில் எஃப் வருகிறது, அது என் சுண்டுவிரல், எனக்குத் தெரியும் அந்தச் சத்தம், கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து, அவசரமாக, நீட்டிப் பிடித்த சத்தம். என் இடது கை எஃப்-ஐ ஒரு மயிரிழை தாமதமாக அழுத்துகிறது. "எஃப் லேட், பெர்லின்." பார்த்தாயா, நேற்றைய என்னை இன்றைக்கு என்னாலேயே பிடிக்க முடியவில்லை.

போதும், எழுந்துவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன், அண்ணா என்னால முடியாது, அவள் இரண்டு கையால் வாசித்ததையே போடுங்கள், எஃப்-ஐ என் கை பிடிப்பதையும் கேமரா எடுத்திருக்கும், நன்றாகத் தேடுங்கள், அதைப் போடுங்கள், அதுதான் உங்கள் படம், ஜோடி ஜோடி என்று ஒரு வருஷமாகக் கத்துகிறீர்களே, அதுதான் ஜோடி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கிறது. தாரிணி. காலரில் மைக்கை மாட்டியபடியே வருகிறாள், அதே பச்சைச் சட்டை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறேன், குழந்தை மண் தின்றுவிட்டு வாயை மூடிக்கொள்கிற மாதிரி. ஜீன்ஸெல்லாம் சாயம். என்ன சொல்வது, சவுண்டு செக் என்று சொல்லலாமா, பிரேஸ்லெட்? நகம்? அவள் நேராகப் பியானோவுக்கு வருகிறாள், குனிகிறாள், என் வலது மணிக்கட்டைத் தொடைக்கு அடியிலிருந்து உருவி விளக்கில் காட்டிப் பார்க்கிறாள். சரளா அக்காவிடம் திரும்புகிறாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் லைட்டா போடுங்க. என் கை இவ்ளோ டல்லா இல்ல."

அப்புறம் என் குரல் மட்டும் கேட்கிறது. "உனக்குத் தெரியுமா?" தாரிணி கௌஷிக் அண்ணாவைப் பார்க்கிறாள், கௌஷிக் அண்ணா மானிட்டருக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொள்கிறார். "நான்தான்டி கேட்டேன்" என்கிறாள். "நேத்தே அந்த ஷாட்டக் காட்டினாங்க. பாக்க சகிக்கல. ரெண்டு கையும் போட்டு, கோழி குப்பையக் கிளறுற மாதிரி. வெளிநாட்டுக்கெல்லாம் போகப்போற படம், என் ஸ்கூல் சார்ங்க எல்லாம் பாப்பாங்க, இதைப் போய் எப்படி விடறது?" அவளுடைய வலது கை சட்டைப் பைக்குள் இருக்கிறது, வெளியே எடுக்கவே இல்லை. "என்கிட்ட கேக்கறதுக்கு என்ன?" என்கிறேன். "கேட்டா நீ ஏதாவது பேசுவே. உனக்கு வாய் ஜாஸ்தி. அதான் நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னு அண்ணாகிட்ட சொன்னேன்." சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு என்னைச் சமாதானப்படுத்த வந்த சிரிப்பு, அவள் நல்லவள்தான், அதில் ஒன்றும் குறையில்லை. "கோச்சுக்காதடி. உன்னோட ட்ரில் என்னோடத விட சூப்பர்னு எனக்குத் தெரியாதா? மிஸ் வீட்டு டேபிள்ல நீ வாசிப்பியே, பாத்திருக்கேன்." பார்த்திருக்கிறாள். நான் ஒளித்து வைத்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அதுவும் தெரிந்திருக்கும். எனக்கு அது ஒன்று போதும். சாயம் இருக்கட்டும், பிரேஸ்லெட் இருக்கட்டும், என் கையை அவள் எடுத்துக்கொள்ளட்டும், வெள்ளைக்காரன் பார்த்துக் கைதட்டட்டும், நேற்று நடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் என்றால் மற்றதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மெதுவாகக் கேட்கிறேன், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, அவள் காலர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "சரி விடு. ஆனா நேத்து அந்த எஃப். நல்லா பிடிச்சேன்ல?"

"எந்த எஃப்?"

"ட்ரில்லுக்குக் கீழ. நீ கைய மேல கொண்டுபோனதும்."

"அது நான் வாசிச்சேனே" என்கிறாள். புருவம் லேசாகச் சுருங்குகிறது, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள், காற்றில் இடது கையை வைத்து அழுத்தி, எடுத்து, மேலே கொண்டுபோகிறாள். "இப்படி. எஃப்-ஐ அடிச்சிட்டுத்தானே கையத் தூக்கினேன். பெடல்ல நின்னுச்சு. நீதானே பெடல்."

அவள் முகத்தைப் பார்க்கிறேன். இரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மூக்குத்தி இடது பக்கம். பொய் சொல்கிறாளா என்று ஒவ்வொரு மூலையாகத் தேடுகிறேன், கண், உதடு, கழுத்து. பொய் சொன்னால் அவளுக்குக் கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவக்கும், சிவக்கவில்லை. அவள் எஃப்-ஐ அடிக்கவில்லை. என் விரல் போனபோது அந்தக் கட்டை மேலே நின்றது, சில்லென்று, யாரும் தொடாமல். அது எனக்கு மட்டும் தெரியும். அவள் அடித்ததாக அவளுக்குத் தெரியும். அவள் விடவும் இல்லை, நான் பிடிப்பேன் என்று நம்பவும் இல்லை, காதுக்குள் சொன்னது எனக்குச் சொன்னது இல்லை, கான்சர்ட் முடிந்தால் யாரைக் கட்டிப்பிடித்தாலும் சொல்வது. ராத்திரி முழுக்க நான் தனியாகவே இரண்டு பேராகப் படுத்திருந்திருக்கிறேன். சீ. வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது. இனிமேல் அந்தப் படம் அவள் பக்கம் சாட்சி சொல்லும், இடது கை எஃப்-ஐ அழுத்துவது தெளிவாகத் தெரியும், ரோஸ் நகம், பிரேஸ்லெட், நல்ல கலர். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் நானே நம்பிவிடுவேன்.

"என்னடி? ஏன் இப்படிப் பாக்கறே?" என்கிறாள். அவள் இடது பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், என் இடத்தில், தொடை என் தொடையை ஒட்டுகிறது, வெங்காய வாசனை. "நான் பக்கத்துல இருக்கேன், உனக்கு மூட் வரும்" என்கிறாள்.

"ஒண்ணுமில்ல" என்கிறேன். "எழுந்து அந்தப் பக்கம் போ. ஃப்ரேமுக்குள்ள வர்றே."

தாரிணி எழுந்து போனாள், கேபிளைத் தாண்டி, மானிட்டருக்குப் பின்னால். சரளா அக்கா கடைசியாக ஒருமுறை புறங்கையில் ஒற்றினார், நான் விரலை விரித்துக் கொடுத்தேன். கௌஷிக் அண்ணா "ரோலிங்" என்றார். ஸ்பீக்கரில் இருமல் வந்தது, ட்ரில் வந்தது, நான் எஃப்-ஐ இடது கையால் அழுத்தினேன், சரியான நேரத்தில், ஆழமாக, கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி.